கீசருக்கு மீட்டருடன் கூடிய ஸ்மார்ட் ஸ்விட்ச்: தனிப் பெட்டியில் பொருத்திய விதம்

2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் ஸ்மார்ட் ஸ்விட்ச் அதைத் தாங்கும். ஆனால் ஸ்விட்ச் போர்டுக்குப் பின்னால் ஒயர்களோடு திணித்தால் சூடு வெளியேறாது. அதனால் குளியலறைக்கு வெளியே எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் பிரேக்கர்) பொருத்தும் 4 வே பிளாஸ்டிக் பெட்டி வைத்தேன். இரும்புப் பெட்டி வைஃபையை மறைக்கும்.

மெயினை அணைத்து, மல்டிமீட்டரில் பூஜ்யம் என்று உறுதிசெய்த பிறகே கை வைக்க வேண்டும். டெஸ்டரை மட்டும் நம்பாதீர்கள். லைன் முதலில் 16 ஆம்பியர் எம்சிபிக்கு, பிறகு ஸ்விட்சுக்கு, ஒயர் 2.5 சதுர மி.மீ. காப்பர். எர்த் ஸ்விட்சைத் தொடாமல் நேராகக் கீசருக்குப் போகும்.

எரிவது பெரும்பாலும் டெர்மினலில்தான். இழை ஒயரை வெறுமனே முறுக்கித் திருகினால் நாளடைவில் தளரும். தொடுமிடத்தில் மின்தடை ஏறி, பிளாஸ்டிக் பழுப்பாகி உருகும். முனையில் ஈயம் பூசுவதும் தவறு: திருகின் அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி, பிடி விட்டுவிடும். ஃபெருல் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சிறு உலோகக் குழாய்) மாட்டி, கருவியால் நசுக்கி கிரிம்ப் செய்து, திருகிய பின் ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பார்த்தேன். ஒரு வாரம் கழித்து மெயினை அணைத்து மறுபடி இறுக்குவது நல்லது.

தண்ணீர் மோட்டாருக்கு இது போதாது. ஸ்டார்ட்டிங் கரண்ட் பல மடங்கு ஏறுவதால் ஸ்மார்ட் ஸ்விட்சுக்குள் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் ரிலே ஒட்டிக்கொள்ளும். இடையில் கான்டாக்டர் (காயிலால் இயங்கி, பெரிய கரண்டைத் தாங்கும் ஸ்விட்ச்) வேண்டும். அப்போது ஸ்விட்சின் மீட்டர் கான்டாக்டர் காயிலை மட்டுமே அளக்கும் என்பதால், சிடி கிளாம்ப் (ஒயரைச் சுற்றி மாட்டிக் கரண்டை அளக்கும் வளையம்) உள்ள மாடலாக வாங்குங்கள்.