பாடக்குறிப்புக்கு முன் வகுப்பைப் படிக்க வேண்டும்: மாணவ ஆசிரியர்களைப் பன்மொழி வகுப்புக்குத் தயார்படுத்தும் முறை

திருப்பூரின் அரசு நடுநிலைப் பள்ளிகளிலும் திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளை ஒட்டிய பள்ளிகளிலும் தமிழோடு இந்தி, ஒடியா, வங்காளம் பேசும் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். வேறு சில ஊர்களில் இருளர் மொழியும் நரிக்குறவர்களின் வாக்ரிபோலியும் பேசும் பிள்ளைகள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்பதால், தமிழே அறியாத பதினோரு வயதுப் பிள்ளை நேராக ஆறாம் வகுப்புக்கு வரலாம். பி.எட். மாணவர்கள் எழுதும் பாடக்குறிப்போ பெரும்பாலும் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையை மட்டுமே மனத்தில் வைத்திருக்கிறது. எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக் கற்பிப்பது பற்றிய 'உள்ளடக்கிய கல்வி' என்ற பி.எட். பாடத்தை எத்தனை முறை நடத்தினாலும் இது மாறாது. மாற்றுவதற்கான இடம், இரண்டாம் ஆண்டின் 16 வாரப் பள்ளிப் பயிற்சி.

பள்ளிக்கு அனுப்பும் முன் கல்லூரியிலேயே ஒரு பயிற்சி. ஒடியாவோ வங்காளமோ அறிந்த ஒருவரை அழைத்து, பின்னங்களை 20 நிமிடம் அந்த மொழியிலேயே நடத்தச் சொல்லுங்கள். கரும்பலகை எழுத்தும் அதே மொழியில் இருக்கட்டும். முடிந்ததும் ஐந்து மதிப்பெண் தேர்வு. பிறகு ஒரே கேள்வி: எந்த நிமிடத்தில் கவனிப்பதை விட்டீர்கள்? இந்தி வேண்டாம், ஓரளவு ஊகித்துவிடுவார்கள்.

பள்ளியில் முதல் வாரம் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு தாளில் வகுப்பின் இருக்கை வரைபடம் போட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்றைக் குறிக்கட்டும்: வீட்டு மொழி, எந்த எழுத்தில் படிக்கத் தெரியும், எந்த வரிசையில் இருக்கிறார். 'உன் தாய்மொழி என்ன?' என்று கேட்டால் கூச்சத்தில் 'தமிழ்' என்றே சில பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். 'பாட்டியோடு எப்படிப் பேசுவாய்?' என்று தனியாகக் கேளுங்கள். பதிவேட்டில் 'இந்தி' என்றிருக்கும் பிள்ளை வீட்டில் போஜ்புரியோ மைதிலியோ பேசலாம். சாதியைக் கேட்கவே கூடாது. உதவித்தொகைக்காகப் பெயர் சொல்லி எழுந்து நிற்க வைப்பதும் தவறு என்பதை இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, பிள்ளைகளின் மொழிப் பிழைகளைக் காரணத்தோடு எழுதிவைக்கும் பிழைக் குறிப்பேடு. இந்த வேலையில் அதிகப் பலன் தருவது இதுதான். இந்தியில் எ, ஒ என்ற குறில்கள் தனி எழுத்தாக இல்லை. ஆகவே இந்தியில் எழுதப் பழகிய பிள்ளை 'பெட்டி'யை 'பேட்டி' என்றும் 'கொடு'வை 'கோடு' என்றும் எழுதினால் அது கவனக்குறைவு அல்ல. 'பக்கம்', 'பங்கு', 'பகல்' மூன்றிலும் ஒரே 'க' மூன்று விதமாக ஒலிப்பது, க-வுக்கும் ga-வுக்கும் தனித்தனி எழுத்துப் பழகிய பிள்ளையைக் குழப்பும். ஒடியாவில் ள ஒலி உண்டு, ழ கிடையாது; குறில் நெடில் வேறுபாடு பேச்சில் கேட்பதில்லை. 'பஸ் வந்தான்' என்று ஒரு பிள்ளை சொன்னால், அஃறிணைக்கென்று தனி வினைமுற்று இல்லாத மொழியிலிருந்து வருகிறது என்று பொருள். ஒவ்வொரு பிழைக்கும் எதிரே காரணத்தை எழுதிய மாணவ ஆசிரியர், அதன் பிறகு சிவப்பு மையால் வெறுமனே சுழிக்க மாட்டார்.

பாடக்குறிப்பில் மாற வேண்டியது முதல் ஐந்து நிமிடம். அன்றைய பாடத்தின் ஐந்து மையச் சொற்களைப் படத்தோடு வைத்து, வீட்டு மொழியில் அதன் பெயரைப் பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். சூரியன், வாயு, பூமி, ஆகாயம் போன்றவை இந்தியிலும் ஒடியாவிலும் ஏறத்தாழ அதே ஒலியில் இருப்பதால் அவற்றில் தொடங்குவது தைரியம் தரும். கேள்விகள் மூன்று படி: சுட்டிக் காட்டு, ஒரு சொல்லில் சொல், வாக்கியமாகச் சொல். கேட்டபின், விடைக்கு நேரம் கொடுக்க, ஆசிரியர் மனத்துக்குள் பத்து எண்ண வேண்டும். இரு மொழியும் அறிந்த பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைக்கலாம், ஆனால் வாரம் ஒருவராக மாற்றுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை மொழிபெயர்ப்பாளராகவே மாறித் தன் படிப்பை இழக்கும்.

அடிக்கடி ஏமாற்றுவது அழகான நோட்டு. கரும்பலகையில் உள்ளதை அச்சுப்போல எழுதிய பிள்ளைக்கு ஒரு சொல்கூடப் படிக்க வராதிருக்கலாம். வாக்கியத்தைத் துண்டுச் சீட்டுகளாக வெட்டிக் கலைத்துக் கொடுத்து அடுக்கச் சொன்னால் உண்மை தெரியும். அதேபோல், பேசாத பிள்ளையைக் கற்றல் குறைபாடு என்று முத்திரை குத்தும் முன் வீட்டு மொழியில் கேட்டுப் பார்க்க வேண்டும். அதிலும் விடை வராவிட்டால் செவித்திறனைச் சோதிக்கச் சொல்லி, வட்டார வள மையச் சிறப்பாசிரியரிடம் அனுப்பலாம்.

பிள்ளைகளின் வாழ்க்கையை வகுப்புக்குள் கொண்டுவர மாறுவேடப் பண்பாட்டு விழாவால் பெரிய பயன் இல்லை. சூளைப் பிள்ளைகளுக்குச் செங்கல்லை ஆயிரம் ஆயிரமாக எண்ணத் தெரியும். பெருக்கல் பாடத்தில் அதைக் கொண்டுவாருங்கள். கூலியையும் முன்பணத்தையும் மட்டும் கணக்காக்க வேண்டாம், வீட்டுக் கடன் வகுப்பறைக்கு வந்துவிடும்.

மேற்பார்வையிடும் பேராசிரியர் 2, 8, 14-ஆம் வாரங்களில் அதே இருக்கை வரைபடத்தில், கேள்வி கேட்கப்பட்ட ஒவ்வொரு முறையும் அந்தப் பிள்ளையின் இடத்தில் ஒரு கோடு போடட்டும். எல்லோரையும் கேட்டதாகவே மாணவ ஆசிரியர் நம்புவார். கோடே விழாத கடைசி மூலையை, எதுவும் பேசாமல் தாளை நீட்டிக் காட்டினால் போதும்.

பயிற்சி முடியும் நாளில் வரைபடமும் பிழைக் குறிப்பேடும் வகுப்பாசிரியர் கைக்குப் போக வேண்டும். மழைக்கு முன் ஊர் திரும்பும் ஒடியாப் பிள்ளைக்கு, எதுவரை படித்தார் என்று ஒரு பக்கம் எழுதிப் பெற்றோரிடம் கொடுங்கள்.