படிகம் அழகாக வந்தது, வினைதான் நடக்கவில்லை: ஈனி வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் முதன்முதலில் வடிவமைத்த ஈனிக்கு, அதாவது உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறுக்கு, நான்கு கைகள். இரண்டு பாஸ்பரஸ், இரண்டு நைட்ரஜன். நிக்கலோடு சேர்த்ததும் ஆரஞ்சு நிறத்தில் கற்கண்டுபோலப் படிகங்கள் வந்தன. எக்ஸ்-கதிர் அமைப்பு கிடைத்த அன்று ஆய்வகத்தில் எல்லாருக்கும் என் செலவில் தே தாரிக். அடுத்த மூன்று மாதம் அந்தச் சேர்மத்தை எத்திலீனோடு சூடாக்கினேன், அழுத்தத்தில் வைத்தேன், கரைப்பானை மாற்றினேன். உள்ளே போட்டது அப்படியே திரும்பி வந்தது.

எங்கள் ஆய்வகத்தில் திருச்சியிலிருந்து வந்த அக்கா ஒருவர் இருந்தார். அமைப்பைத் திரையில் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, நாலு நாற்காலியிலயும் உன் ஈனியே உட்கார்ந்திருக்கு. எத்திலீன் வந்தா எங்க உட்காரும்?" என்றார். அவ்வளவுதான். மூன்று மாதக் கேள்விக்கு அரை நிமிடப் பதில்.

ஆய்வகத்தில் நாங்கள் லிகண்ட் என்றுதான் சொல்வோம். தமிழில் எழுதும்போது பாடநூல் சொல்லான ஈனியே வசதி. இடைநிலை உலோக அயனிக்கு எலக்ட்ரான் இணையைக் கொடுத்து அதோடு ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறு அல்லது அயனி. இங்கே சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரியில் வேதியியல் எடுத்தவர்களுக்குச் செம்பு உப்பின் வெளிர்நீலக் கரைசலில் அம்மோனியா விட்டதும் அது கருநீலமாகும் சோதனை நினைவிருக்கும். வலுவான ஈனி வந்தால் மெலிந்தது விலகும் என்று படித்தோம். அது சரிதான். ஆனால் அதிலிருந்து நம்மை அறியாமலேயே இன்னொன்றையும் எடுத்துக்கொள்கிறோம்: இறுக்கமாகப் பிடிக்கும் ஈனியே நல்ல ஈனி என்று. இறுதியாண்டு ஆய்வுத்திட்டத்துக்கு வரும் மாணவர்கள் வரைந்துகொண்டு வரும் முதல் ஈனியில் பெரும்பாலும் இந்த எண்ணம் தெரியும். கைக்கு மேல் கை போட்டு உலோகத்தைக் கட்டிப்போட்டிருப்பார்கள்.

உலோகத்தை யாரும் வராமல் பூட்டி வைப்பதுதான் வேலை என்றால் அது பொருத்தம். வினை நடக்க வேண்டுமென்றால் ஓர் இடம் காலியாக இருக்க வேண்டும், அல்லது கேட்டதும் காலியாக வேண்டும். தெக்கா உணவங்காடியில் மேசைமேல் டிஷ்யூ பொட்டலம் வைத்து இடம் சோப் பண்ணுகிறோமே, அசிட்டோநைட்ரைலும் சைக்ளோஆக்டாடையீனும் அந்தப் பொட்டலம் மாதிரி. உலோகத்தில் இடத்தைப் பிடித்து வைத்திருக்கும், உரியவர் வந்ததும் எழுந்துகொள்ளும். வில்கின்சன் வினையூக்கியில் ரோடியத்தைச் சுற்றி மூன்று ட்ரைஃபீனைல்பாஸ்பீன்கள் (பாஸ்பரஸால் பிடிக்கும் ஈனிகள்) உண்டு. அவற்றில் ஒன்று விலகினால்தான் ஹைட்ரஜனேற்றம் வேகமெடுக்கும். ஈனி நிறைய இருந்தால் நல்லது என்று குடுவையில் கூடுதலாகப் பாஸ்பீனைக் கொட்டினால் வேகம் குறையும்.

எந்தப் படிக்கு இந்த ஈனி?

வினைச்சுற்றில் பல படிகள் உண்டு. ஒரு படிக்கு உதவும் ஈனி அடுத்ததற்குத் தடையாகலாம். எனவே "நல்ல ஈனி" என்று பொதுவாகச் சொல்வதில் பொருளில்லை, எந்தப் படிக்கு நல்லது என்று கேட்க வேண்டும். எனக்குப் பிடித்த உதாரணம், ஆல்கீன்களின் இரட்டைப் பிணைப்பைப் பிரித்து மாற்றிச் சேர்க்கும் கிரப்ஸ் ருத்தேனியம் வினையூக்கிகள் (அவருக்கு 2005-இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது). முதல் தலைமுறையில் இரண்டு ட்ரைசைக்ளோஹெக்சைல்பாஸ்பீன்கள். இரண்டாம் தலைமுறையில் ஒன்றை எடுத்துவிட்டு என்-ஹெட்டரோசைக்ளிக் கார்பீனை வைத்தார்கள். திறன் வெகுவாகக் கூடியது. கார்பீன் எலக்ட்ரானை அள்ளித் தருவதால் எதிரிலுள்ள பாஸ்பீன் சீக்கிரம் கழன்றுவிடுகிறது, அதனால்தான் வேகம் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அளந்து பார்த்தபோது கதை தலைகீழ். இரண்டாம் தலைமுறையில் பாஸ்பீன் கழல்வது ஏறத்தாழ நூறு மடங்கு மெதுவாக. ஆனால் கழன்ற பிறகு அந்த ருத்தேனியம் பழைய பாஸ்பீனைத் திரும்பப் பிடிப்பதைவிட ஆல்கீனைப் பிடிப்பதிலேயே நாட்டம் காட்டுகிறது. ஒருமுறை கிளம்பினால் பல சுற்று ஓடுகிறது. தொடங்கும் வேகத்தை மட்டும் கூட்ட நினைத்து வடிவமைத்திருந்தால் இந்த ஈனியை முதலிலேயே ஒதுக்கியிருப்போம்.

நிலைப்பு வேறு, சோம்பல் வேறு

இந்த இரண்டையும் குழப்பாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. டெட்ராசயனோநிக்கலேட் அயனி மிக நிலைப்பானது. ஆனால் கதிரியக்கக் கார்பனால் குறியிட்ட சயனைடைக் கரைசலில் விட்டால், பாதி சயனைடு இடம் மாற அரை நிமிடம் போதும். ஹெக்சாசயனோகுரோமேட்டும் நிலைப்பானதே, அதில் அதே பாதி மாற சுமார் 24 நாள். அமிலத்தில் போட்ட ஹெக்சாஅம்மைன்கோபால்ட்(III) உடையத்தான் வேண்டும், வெப்ப இயக்கவியல் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் நாள்கணக்கில் அப்படியே இருக்கும். முதலாவது நிலைப்புள்ளது, ஆனால் சுறுசுறுப்பானது. கடைசி நிலைப்பற்றது, ஆனால் சோம்பேறி. இதை டி-எலக்ட்ரான் அமைப்போடு இணைத்து ஒழுங்குபடுத்தியவர் ஹென்றி டாப், 1952-இல்.

வடிவமைப்பில் இது எங்கே கடிக்கும்? கோபால்ட்(III)-இல் அருமையாக நின்ற ஈனியைக் கோபால்ட்(II)-க்கு மாற்றி, "அதே கோபால்ட்தானே" என்று நம்பும்போது. ஓர் எலக்ட்ரான் கூடியதும் ஈனிகள் கழலும் வேகம் பல கோடி மடங்கு மாறக்கூடும். வினைச்சுற்றில் உலோகத்தின் ஆக்சிஜனேற்ற நிலை மாறும் ஒவ்வோர் இடத்திலும் ஈனி இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரே நேரத்தில் இரண்டு திருகாணியைத் திருகாதீர்கள்

"எலக்ட்ரான் வளம் கூடினால் வினை வேகமாகுமா பார்ப்போம்" என்று ட்ரைஃபீனைல்பாஸ்பீனை எடுத்துவிட்டு ட்ரைசைக்ளோஹெக்சைல்பாஸ்பீனைப் போடுகிறோம். வேகம் கூடுகிறது. காரணம் எலக்ட்ரானா, பருமனா? சொல்ல முடியாது. டோல்மன் 1977-இல் தொகுத்த பட்டியலில் முதலாவதன் கூம்புக் கோணம் (உலோகத்திலிருந்து பார்த்தால் ஈனி எவ்வளவு அகலம் என்பதன் அளவு) 145 பாகை, இரண்டாவதன் கோணம் 170. இரண்டும் ஒன்றாகவே நகர்ந்துவிட்டன.

பிரித்துப் பார்க்க வழி உண்டு. எலக்ட்ரானை மட்டும் மாற்ற வேண்டுமா? ஃபீனைல் வளையத்தின் பாரா இடத்தில் ஒன்றில் மெத்தாக்சியும் மற்றொன்றில் ட்ரைஃபுளோரோமெத்திலும் வையுங்கள். உலோகத்தின் பக்கம் பருமன் மாறாது. பருமனை மட்டும் மாற்ற வேண்டுமா? ட்ரைசைக்ளோஹெக்சைலையும் ட்ரை-டெர்ட்-பியூட்டைலையும் ஒப்பிடுங்கள். எலக்ட்ரான் வளத்துக்கு அளவுகோலாக டோல்மன் அளந்த நிக்கல் கார்பொனைல் அதிர்வு எண் இரண்டுக்கும் 2056 செ.மீ⁻¹-ஐ ஒட்டியே இருக்கிறது, கோணம் மட்டும் 170-இலிருந்து 182-க்கு ஏறுகிறது. இப்படி ஒரு சிறு கட்டம் போட்டு நான்கைந்து பாஸ்பீன்களை ஓட்டினால் ஒரு வாரம் ஆகும். புது ஈனி செய்ய ஆறு மாதம். எதை முதலில் செய்வது என்று நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் ஆசை எப்போதும் ஆறு மாதத்தின் பக்கம்தான் இழுக்கும்.

அப்புறம், கூம்புக் கோணத்தையும் கோயில் சிலைபோல வைத்துக்கொள்ள வேண்டாம். அது ஈனியைச் சீரான கூம்பாகக் கருதுகிறது. இரண்டு வளையங்கள் இணைந்து ஒரு பக்கம் மட்டும் நீளும் பைஅரைல் பாஸ்பீன்களுக்கு அது பொருந்தாது. உலோகத்தைச் சுற்றி 3.5 ஆங்ஸ்ட்ராம் ஆரத்தில் ஒரு கோளம் வரைந்து, அதில் ஈனி அடைத்துக்கொள்ளும் விழுக்காட்டைக் கணக்கிடும் முறை அங்கே உதவும். இரு கை ஈனிகளுக்குக் கடிகோணமும் (உலோகத்தில் இரு கைகளுக்கும் இடைப்பட்ட கோணம்) வேண்டும். ஹயாஷி குழு 1984-இல் காட்டியது: பல்லேடியத்தில் எத்தேன் பாலம் உள்ள டிபிபிஈ-யின் கோணம் சுமார் 86 பாகை, ஃபெரோசீன் முதுகெலும்புள்ள டிபிபிஎஃப்-இன் கோணம் சுமார் 99. செக்-பியூட்டைல் கிரிக்னார்டைப் புரோமோபென்சீனோடு இணைக்கும் வினையில் டிபிபிஎஃப் 95 விழுக்காடு விளைச்சல் தந்தது. டிபிபிஈ ஏறக்குறையக் கைவிரித்துவிட்டது. இந்த டிபிபிஎஃப்-இன் அணைவு வேதியியலில் இங்கே சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்டி ஹோர் குழு பல ஆண்டுகள் உழைத்திருக்கிறது.

சிறிய மெத்தில் என்று நினைத்தால்

ஃபெனாந்த்ரோலின் மூன்று சேர்ந்து இரும்பு(II)-ஐச் சுற்றினால் செக்கச்செவேல் நிறம். அதே மூலக்கூறில் நைட்ரஜனுக்குப் பக்கத்திலேயே இரண்டு மெத்தில் வையுங்கள், அதுதான் நியோகுப்ரோயின். இரும்பைச் சுற்றி மூன்று இனி நெருங்கி உட்கார முடியாது, அந்தச் சிவப்பும் வராது. ஆனால் நான்முகி அமைப்பை விரும்பும் செம்பு(I)-ஐ இரண்டு சேர்ந்து கச்சிதமாகப் பிடிக்கின்றன. தட்டையாக விரும்பும் செம்பு(II)-க்கு அங்கே இடம் போதாது. அதனால்தான் இரும்பு கலந்திருந்தாலும் செம்பை மட்டும் அளக்க அதைப் பயன்படுத்துகிறார்கள். கொடை அணுவுக்கு அருகே வைக்கும் ஒரு தொகுதி, வளையத்தின் மறுகோடியில் வைக்கும் அதே தொகுதியைப் போன்றதல்ல. "கரைதிறனுக்காக ஒரு மெத்தில் சேர்த்தேன்" என்று சொல்லும் முன் எந்த இடத்தில் என்று பாருங்கள்.

ஈனியே வினைபுரிந்தால்

நாம் ஈனியை மேடையாக நினைக்கிறோம், அது நடிகராகிவிடும். மூன்று வழிகள் அடிக்கடி வரும். முதலாவது, உலோகம் தன் சொந்த ஈனியின் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பையே கடித்து வளையமாக மூடிக்கொள்வது. புக்வால்டின் பைஅரைல் பாஸ்பீன்களில் கீழ் வளையத்தில் 2, 6 இடங்களில் மெத்தாக்சியோ ஐசோபுரொப்பைலோ இருப்பது வெறும் பருமனுக்காக மட்டும் அல்ல. அந்தக் கடியைத் தடுக்கவும்தான். இரண்டாவது, எலக்ட்ரான் மாற்றத்தை உலோகத்துக்குப் பதில் ஈனியே ஏற்றுக்கொள்வது. இப்படிப்பட்ட ஈனியை "அப்பாவியல்ல" என்ற பொருளில் யோர்கென்சன் 1966-இல் பெயரிட்டார். இது குறையாக இருக்க வேண்டியதில்லை. காலக்டோஸ் ஆக்சிடேஸ் நொதியில் ஒற்றைச் செம்பு இரண்டு எலக்ட்ரான் வேலையைச் செய்வது டைரோசின் தனியுறுப்பு (இணையற்ற எலக்ட்ரான் கொண்ட துண்டு) ஒரு பங்கை ஏற்பதால்தான். ஆனால் தெரியாமல் இருந்தால் உங்கள் ஆக்சிஜனேற்ற நிலைக் கணக்கு முழுவதும் தப்பாகும். ஃபீனால் ஈனி செய்கிறீர்கள் என்றால் ஆர்த்தோ, பாரா இடங்களில் டெர்ட்-பியூட்டைல் வைத்துவிடுங்கள், இல்லையென்றால் தனியுறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது வழி சாதாரணமானது, பாஸ்பீன் ஆக்சைடாவது. இங்கே இது கூடுதல் தொல்லை. நம் ஊரில் விடியற்காலை ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பாட்டிலை உடனே திறந்தால் உள்ளே பனித்துளி படியும். அறை வெப்பநிலைக்கு வரும்வரை மூடியே வையுங்கள், அரை மணி நேரம் கோப்பிக்கடைக்குப் போய் வந்தால் நேரமும் போய்விடும். ஈரத்தை உறிஞ்சும் மூலக்கூறு சல்லடையைப் பாட்டிலிலிருந்து அப்படியே போடாமல், வெற்றிடத்தில் 300 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கிய பிறகு பயன்படுத்துங்கள். ஒவ்வொரு முறையும் பாஸ்பரஸ் என்எம்ஆர் எடுங்கள்: ட்ரைஃபீனைல்பாஸ்பீன் மைனஸ் 5 பிபிஎம் அருகே வரும், அதன் ஆக்சைடு பிளஸ் 25 முதல் 30 வரை. ட்ரை-டெர்ட்-பியூட்டைல்பாஸ்பீன் காற்றில் தீப்பிடிக்கும் பொருள். டெட்ராஃபுளோரோபோரேட் உப்பாக வாங்கினால் காற்றில் நிற்கும், குடுவையிலேயே காரம் சேர்த்து விடுவித்துக்கொள்ளலாம். நெதர்டனும் ஃபூவும் 2001-இல் சொன்ன தந்திரம் இது. புதியவர்களுக்கு இதைத்தான் முதலில் கொடுக்கிறேன்.

உண்மையில் வேலை செய்வது எது?

உங்கள் ஈனியின் வினையூக்கி வேலை செய்கிறது, சந்தோஷம். ஆனால் அது ஈனியோடு இருந்தபடிதான் வேலை செய்கிறதா? பல்லேடியத்தை மூன்று கைகளால் இடுக்கிபோலப் பிடிக்கும் பின்சர் சேர்மங்கள், ஆல்கீனை அரோமாட்டிக் வளையத்தோடு இணைக்கும் ஹெக் வினையில் அசையாமல் நிற்பதாக நம்பியிருந்தார்கள். பலவற்றில் சேர்மம் சிதைந்து வெளியேறும் பல்லேடியம்தான் வேலை செய்கிறது என்று பின்னர் தெளிவானது. 2009-இல் புக்வால்டும் போல்மும் சேர்ந்து எழுதிய கட்டுரை இன்னும் கூச்சம் தருவது: இரும்பு குளோரைடு ஊக்குவதாகக் கருதிய சில பிணைப்பு வினைகளில், மாசாக இருந்த மிகச் சிறிதளவு செம்பே காரணமாக இருந்தது. ஈனியே இல்லாமல் ஒரு குடுவை, உலோகமே இல்லாமல் ஒரு குடுவை, தூய்மை கூடிய வேறு உப்பில் ஒரு குடுவை. சலிப்பான மூன்று குடுவைகள், கட்டாயம் ஓட்ட வேண்டியவை. பாதரசம் விட்டு உலோகத் துகள்களை முடக்கிப் பார்க்கும் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம், மூலக்கூறாக இருக்கும் பல்லேடியம்(0)-ஐயும் பாதரசம் பாதிக்கக்கூடும்.

உயிரணுக்களுக்குள் துத்தநாகத்தை உணர ஈனி செய்பவர்களுக்கு ஒரு வரி: இர்விங்கும் வில்லியம்சும் 1953-இல் எழுதிய வரிசைப்படி, எந்தப் பொது ஈனியையும் துத்தநாகத்தைவிடச் செம்பு(II) இறுக்கமாகப் பிடிக்கும், ஒளிர்வையும் பெரும்பாலும் அணைத்துவிடும்.

என் நான்கு கை ஈனியில் கடைசியில் ஒரு நைட்ரஜன் கையை வெட்டிவிட்டேன். அந்த இடத்தில் இப்போது அசிட்டோநைட்ரைல் சோப் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. எத்திலீன் உள்ளே நுழைகிறது, வினையும் கொஞ்சம் நடக்கிறது. படிகம்தான் இன்னும் வரவில்லை. கரைசலை எங்கே வைத்தாலும் எண்ணெயாகவே பிரிகிறது.