பிரிட்டிஷ்காரர்களின் ‘சீக்கி’: எங்கே, எப்படிச் சொல்வது?

பிரிட்டனில் வேலைக்குச் சேர்ந்தால், மாலையில் யாராவது “ஃபேன்சி எ சீக்கி பைன்ட்?” (ஒரு கிளாஸ் பியர் போடலாமா?) என்று கூப்பிடுவார்கள். அகராதியைத் திறந்தால் ‘சீக்கி’க்கு (cheeky) ‘துடுக்கான’ என்றிருக்கும். பியருக்கு ஏது துடுக்கு?

படி 1: உச்சரிப்பு. ‘பச்சை’யில் வரும் ச்ச ஒலி. ‘சீக்கிரம்’ போல ஆரம்பித்தால் யாருக்கும் புரியாது.

படி 2: ஆளுக்குச் சொல்வது. வாலுப் பையனை “சீக்கி மங்கி” என்று செல்லமாகக் கடிவார்கள். கன்னத்தைக் குறிக்கும் ‘சீக்’குக்கு வாய்த்துடுக்கு என்ற பொருளும் உண்டு; அதிலிருந்து வந்தது இது. மேடைச் சிரிப்பு நடிகர் மாக்ஸ் மில்லரின் பட்டப்பெயரே ‘தி சீக்கி சாப்பி’தான்.

படி 3: பொருளுக்குச் சொல்வது. எல்லாரும் தடுக்கி விழும் இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள். துடுக்கு பியரில் இல்லை, குடிப்பவரிடம் இருக்கிறது. நேரே வீட்டுக்குப் போக வேண்டியவர் நைசாக ஒன்று போட்டுவிட்டுப் போகிறார், அதுதான் சீக்கி பைன்ட். ஆகவே மூன்றும் பொருந்த வேண்டும்: விஷயம் சின்னது, திட்டமிடாதது, யாருக்கும் கெடுதல் இல்லாதது. டயட்டில் இருப்பவர் எடுக்கும் ஒரு பிஸ்கட் சீக்கி. தினமும் சாப்பிடும் காலை உணவு சீக்கி ஆகாது. 2015இல் ‘சீக்கி நாண்டோஸ்’ என்றால் என்னவென்று அமெரிக்கர்கள் இணையத்தில் கேட்டுக் குழம்பியதும் இதே முடிச்சில்தான். நாண்டோஸ் வெறும் கோழிக்கறி உணவகம். நண்பர்களோடு திடீரென்று அங்கே நுழைவதுதான் சீக்கி.

படி 4: தவிர்க்க வேண்டியவை. மேலதிகாரியை நீங்களாக ‘சீக்கி’ என்று சொல்லாதீர்கள். “வாட் எ சீக்!” என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள், பெரும்பாலும் அது கோபம்.

பழகுவதற்கு யூகிளிஷ் தளம்தான் என் தேர்வு. பிரிட்டிஷ் உச்சரிப்பைத் தேர்ந்தெடுத்துத் தேடினால், நிஜ மனிதர்கள் பேசும் யூடியூப் துண்டுகளாகக் கேட்கலாம். அர்பன் டிக்‌ஷனரியை ஆரம்பத்தில் தொடவே வேண்டாம். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் அங்கே பொருளைவிட நக்கல் அதிகம்.

பிற்சேர்க்கை: ஆஸ்திரேலியாவின் டார்வினில் இருக்கும் வாசகர் ஒருவர், “இங்கே ‘சீக்கி ஸ்நேக்’ என்கிறார்களே, செல்லமா?” என்று கேட்டிருந்தார். இல்லவே இல்லை! வட ஆஸ்திரேலியப் பழங்குடியினர் பேசும் ஆங்கிலத்தில் ‘சீக்கி’ என்றால் ஆபத்தானது. ‘சீக்கி டாக்’ கடிக்கும். ‘சீக்கி யாம்’ என்ற கிழங்கை முறைப்படி பக்குவம் செய்யாமல் தின்றால் நஞ்சு. அங்கே இந்தச் சொல் காதில் விழுந்தால் முதலில் விலகி நில்லுங்கள்.