பிரெஞ்சில் அதிகம் பேசப்படாத மங்கா தேட ஒரு வழி

பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு அம்மொழியில் வரும் ஆசிய காமிக்ஸ் ஒரு புதையல். ஆனால் கடையில் மங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) அலமாரி முழுக்க நீளநீளமான பிரபலத் தொடர்கள்தான் கண்ணில் படும். நல்ல தனி நூல்கள் பெரும்பாலும் அங்கே இருக்காது. அவற்றின் பக்கங்கள் பெரிதாக இருப்பதால், 'ரோமான் கிராஃபிக்' என்ற கிராஃபிக் நாவல் அலமாரியில் இருக்கும். முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.

அப்புறம், தலைப்பை வைத்துத் தேடாமல் பதிப்பகத்தை வைத்துத் தேடுங்கள். என் அனுபவத்தில் இதைவிட நல்ல வழி இல்லை. பிடித்த புத்தகத்தின் முதுகில் எந்தப் பதிப்பகம் என்று பார்த்து, அவர்களுடைய முழுப் பட்டியலையும் அலசுங்கள். கொர்னேலியுஸ் என்ற சிறு பதிப்பகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வெளியிட்ட ஜப்பானிய ஓவியர் மிசுகி ஷிகெருவின் 'நோன்நோன்பா' 2007இல் பிரான்சின் அங்குலேம் காமிக்ஸ் விழாவில் சிறந்த நூல் விருதை வென்றது. அந்த விருதைப் பெற்ற முதல் மங்கா அதுதான். அதே பதிப்பகம்தான் கொரிய ஓவியர் ஆங்கோவையும் பிரெஞ்சில் கொண்டுவந்தது. ஒரு பெயரைப் பிடித்துப் போனால் ஜப்பானிலிருந்து கொரியா வரை போய்விடலாம். புவாத்தியே நகரத்து லெ லெசார் நுவார், ஜெனீவாவின் அத்ராபில் என்ற இரண்டு பதிப்பகங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜப்பானிய ஓவியர் சுகே யோஷிஹாருவின் கதைகளைத் தேடுபவர்கள் நேராகக் கொர்னேலியுஸுக்கே போகலாம்.

புதிதாக வருபவற்றைத் தெரிந்துகொள்ள, பிரெஞ்சு காமிக்ஸ் விமர்சகர்களின் சங்கமான ஏசிபிடி ஆண்டுதோறும் தரும் ஆசிய விருதின் இறுதிப் பட்டியலைப் பாருங்கள். வென்றதை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள், தோற்றவற்றையும் படியுங்கள். விலை அதிகம் என்று தோன்றினால், பிரான்சில் இருப்பவர்கள் வாங்கும் முன் ஊர்ப் பொது நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.