ஐஸ் விட்ட கறியை மறுபடி பிரீசரில் வைப்பது எப்படி (தயவுசெய்து சட்டியோடு வேண்டாம்)

தீபாவளிக்கு மறுநாள் காலை ஐஸ்பெட்டியை (பிரிட்ஜை) திறந்து ஆட்டுக்கறிச் சட்டியின் மூடியை எடுத்தேன். மேலே கொழுப்பு வெள்ளையாகக் கட்டியிருந்தது, பார்வைக்கு நன்றாகக் குளிர்ந்த மாதிரிதான். கரண்டியை நடுவில் விட்டுக் கிளறினால், அடியிலிருந்து வந்த குழம்பு இன்னும் வெதுவெதுப்பு. ஓரத்தில் பொடிப்பொடியாக நுரை வேறு. ராத்திரி பத்து மணிக்கு உள்ளே வைத்த சட்டி, ஒன்பது மணி நேரம் கழித்தும் ஆறவில்லை. நாலு கிலோ கறி.

"இதுக்குப் போய்க் கொட்டுவாங்களாம்மா? நல்லா ஒரு கொதி விட்டா சரியாப் போயிடும்" என்றார் அத்தை. கொட்டிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நானும் வீட்டுக்காரரும் பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஷிப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் சமைத்து வைத்தால்தான் எங்கள் ஜெலுத்தோங் வீட்டில் வாரம் ஓடும். அந்தச் சட்டிக்குப் பிறகு படித்தும் பட்டும் பழகிக்கொண்ட முறை இது. சமையல் உங்களுக்குத் தெரியும், அதற்குள் போகவில்லை.

முதலில்: எங்கே ஐஸ் விட்டது?

"ஒருமுறை ஐஸ் விட்டதைத் திரும்ப வைக்கலாமா?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான். ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில், 4 டிகிரிக்குள் இளகியதா? அப்படியானால் சமைக்காமலே திரும்ப பிரீசருக்குப் போகலாம் என்கிறது அமெரிக்க வேளாண்துறை. நீர் விட்டு, கறி கொஞ்சம் சக்கையாகும், அவ்வளவுதான். தண்ணீரிலோ மைக்ரோவேவிலோ இளக்கியதா? சமைத்த பிறகுதான் திரும்ப வைக்க வேண்டும். காலையில் சிங்க்கில் போட்டுவிட்டு வேலைக்குப் போய் மாலையில் வந்தீர்களா? குப்பைக்கூடை.

பிரிட்டனில் இன்னும் கறார். இளகிய பச்சைக் கறியை, மீனைத் திரும்ப வைக்கவே வேண்டாம், சமைத்து வை என்பார்கள். நான் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறேன். பயத்தால் இல்லை. இரண்டு முறை உறைந்த பச்சைக் கறியில் பெரட்டல் செய்தால் நார் நாராக வருகிறது, வீட்டில் யாரும் தொடுவதில்லை.

பிரீசர் கிருமியைக் கொல்லாது, தூங்க வைக்கும். ஐஸ் விட்டதும் எழுந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

இளகவிடுவது

முந்தின நாளே கீழ்த்தட்டில், ஒரு பேசினுக்குள். பேசின் இல்லாவிட்டால் கறித்தண்ணீர் ஒழுகிக் கீரைக்குள் போகும். இரண்டு கிலோ கட்டிக்குக் கிட்டத்தட்ட ஒரு முழு நாள் ஆகும்.

அவசரத்துக்கு, ஒழுகாத பையில் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் முக்கி, அரை மணிக்கொரு முறை தண்ணீரை மாற்றச் சொல்கிறார்கள். எழுதியவர்கள் குளிர்நாட்டுக்காரர்கள். பினாங்கில் மத்தியானம் குழாயைத் திறந்தால் கை கழுவ வெந்நீர் தனியாகத் தேவையில்லை. அதனால் தண்ணீரில் ஐஸ் கட்டி போடுங்கள். எனக்கு ஒரு பை ஐஸ் எப்போதும் பிரீசரில் கிடக்கும்.

ஆறவைப்பது: நான் கோட்டை விட்ட இடம்

சமைத்த சாப்பாடு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது பொது விதி. வெளிச்சூடு 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். நம் ஊரில் அடுப்பு எரிந்த சமையலறை எத்தனை டிகிரி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நேரத்தை நானும் பார்த்தேன். சட்டியைத்தான் பார்க்கவில்லை. மூடி போட்ட ஆழமான சட்டிக்குள் நடுப்பகுதி 40 டிகிரி சொச்சத்தில் மணிக்கணக்காக நிற்கும். கறிக்குழம்புக்கென்றே ஒரு கிருமி இருக்கிறது, கிளாஸ்டிரிடியம் பெர்பிரிஞ்சன்ஸ். கொதித்தாலும் அதன் வித்துகள் சாகாது. காற்றுப் படாத அந்தச் சட்டி நடுவில் வித்து முளைத்து, தோதான சூட்டில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைகூட இரட்டிப்பாகும். அத்தை ராத்திரி குழம்பைக் கொதிக்கவிட்டு மூடி, அடுப்பிலேயே விட்டுவிடுவது இதற்குப் போடும் விருந்து. "நாப்பது வருஷமா இப்படித்தான் வைக்கிறேன்" என்பார். நாப்பது வருஷத்தில் எத்தனை முறை "வயிறு சரியில்ல, சீரகத் தண்ணி கொடு" என்றார் என்ற கணக்கு மாமாவிடம் இருக்கிறது.

இப்போது நான் செய்வது: அடுப்பை அணைத்ததும் கறியை அகலத் தட்டுகளுக்கு மாற்றுகிறேன், ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மேல் இல்லாமல். சிங்க்கில் தண்ணீரும் ஐஸும் நிரப்பி, தட்டை அதில் உட்காரவைத்துக் கிளறுகிறேன். கால் மணி நேரத்தில் தட்டின் அடியைக் கையால் தாங்க முடிகிறது. மூடாமல் ஐஸ்பெட்டிக்குள் வைத்து, நன்றாகக் குளிர்ந்த பிறகு மூடுகிறேன். ஆழச் சட்டியை வெளியே காற்றாட வைத்தால் போதாதா என்று கேட்காதீர்கள். எனக்கு நாலு கிலோ போயிருக்கிறது.

பிரீசருக்குள்

டப்பாவைவிட எனக்கு ஜிப்லாக் பைதான். ஒருவேளைக்கு ஒரு பை, தட்டையாக அழுத்தி, புத்தகம் மாதிரி அடுக்கலாம். சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும். மார்க்கர் பேனாவால் தேதி எழுதுங்கள், உறைந்த பிறகு சாம்பாரும் பருப்புக்கறியும் இரட்டைப் பிள்ளைகள். பிரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். இரண்டு மூன்று மாதத்துக்குள் முடித்தால் ருசி நிற்கும். வெறும் ஐஸ்பெட்டியில் என்றால் மூன்று நாலு நாள்.

தேங்காய்ப்பால் குழம்பு பிரீசரில் திரிந்துபோகும். கெடவில்லை, பார்க்கத்தான் சகிக்காது. பால் ஊற்றும் முன்பே எடுத்து வைத்து, சூடாக்கும்போது ஊற்றுங்கள். உருளைக்கிழங்கு மணல் மணலாகும், அவித்த முட்டை ரப்பர். இரண்டையும் பொறுக்கிச் சாப்பிட்டுவிட்டு மீதியை வையுங்கள்.

சூடாக்குவது

சாப்பிடும் அளவை மட்டும் எடுங்கள். முழுதையும் சூடாக்கி, மீதியை ஆறவைத்து, மறுபடி சூடாக்கினால் ஒவ்வொரு சுற்றும் கிருமி பெருகும் ஆபத்தான சூட்டு எல்லையைத் தாண்டி வருகிறது. குழம்பு என்றால் தளதளவென்று கொதிக்க வேண்டும். கெட்டியான பெரட்டலுக்கு நடுவில் 74 டிகிரி. இதற்கு ஊசி வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஏர் பிரையருக்கு 300 வெள்ளி (ரிங்கிட்) கொடுக்கும் வீட்டில் இது இல்லை என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. மைக்ரோவேவ் என்றால் மூடி போட்டு, பாதியில் நிறுத்திக் கிளறி, முடிந்ததும் இரண்டு நிமிடம் விட்டு எடுங்கள். ஓரம் கொதிக்கும்போது நடு ஐஸாக இருப்பது அதன் சுபாவம்.

சோறு தனி. பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து வேகவைத்தும் சாகாது. சோறு வெளியே கிடந்தால் அது விடும் விஷம் மறுபடி சூடாக்கினாலும் போகாது. அதனால் சாயந்தரம் வரை குக்கரில் அணைத்துக் கிடந்த சோற்றை நாசி கோரெங் (வறுத்த சோறு) ஆக்கிக் காப்பாற்ற முயலாதீர்கள். வடித்ததும் பரப்பி ஆறவைத்து உள்ளே வையுங்கள்.

பிறகு சேர்த்தது

மின்சாரம் போனால் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கதவைத் திறக்காதீர்கள். நிறைந்த பிரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம் தாங்கும். ஐஸ்பெட்டிக்கு 4 மணி நேரம்தான். திரும்ப வந்ததும் தொட்டுப் பாருங்கள். உள்ளே ஐஸ் துகள் நறநறவென்று இருந்தால் அப்படியே உறையவிடலாம்.

ஒரு தம்பி, தாப்பாவ் செய்த (பொட்டலம் கட்டி வாங்கிய) நாசி கண்டாரை (கறிக்குழம்பு ஊற்றிய சோற்றை) பிரீசரில் வைக்கலாமா என்று கேட்டார். அந்தக் குழம்பு கடையில் எத்தனை மணி நேரமாக எந்தச் சூட்டில் நின்றது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வாங்கின கையோடு சாப்பிடுங்க தம்பி.