மிஸ்டிமீனர் அப்பீலுக்கு கோர்ட் செலவுல வக்கீல் கேக்குறது எப்படி (கலிஃபோர்னியா)

ஃபெலனிங்கிற பெரிய குற்றக் கேஸ்னா தான் அப்பீலுக்கு கோர்ட்டே வக்கீல் போடும், மிஸ்டிமீனர்ங்கிற சின்ன குற்றக் கேஸ்னா நம்ம பாடு தான்னு நிறைய பேர் நினைச்சுட்டு விட்டுடறாங்க. கலிஃபோர்னியால அப்படி இல்ல, கையில காசு இல்லைன்னா கிடைக்கும், ஆனா தானா வராது, எழுதிக் கேக்கணும்.

முதல்ல 30 நாள் கணக்கு. தீர்ப்பு நாள்ல இருந்து 30 நாளுக்குள்ள சிஆர்-132ங்கிற அப்பீல் நோட்டீஸ், கேஸ் நடந்த அதே சுப்பீரியர் கோர்ட் கிளார்க் கிட்ட போயிடணும். வக்கீல் வரட்டும் அப்புறம் போடலாம்னு உக்காந்தீங்கன்னா கதை முடிஞ்சுது. ட்ரையல் பாத்த வக்கீலையே போடச் சொல்லலாம், ஆனா வாயால சொல்லாம மெயில்ல சொல்லுங்க. நீங்க கேட்டும் அவர் நோட்டீஸ் போடாம விட்டா அப்பீல் உரிமையைத் திரும்பக் கேக்க வழி இருக்கு, 2019ல கார்ஸா கேஸ்ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொன்னதும் இதைத்தான். அப்போ உங்க கிட்ட அந்த மெயில் இருக்கணும்ல.

கூடவே சிஆர்-133, வக்கீல் கேக்குற ஃபார்ம் இது தான். ட்ரையல்ல சொந்தக் காசுல வக்கீல் வெச்சிருந்தீங்கன்னா வரவு செலவு காட்டுற சிஆர்-105ம் சேத்துக் குடுங்க.

யாருக்குக் கிடைக்கும்? ஜெயில் வாய்ப்பு இருக்கணும், இல்ல ஃபைன் 500 டாலரைத் தாண்டணும், இல்ல தண்டனையால வேற பெரிய பாதிப்பு வரணும், மூணுல ஒண்ணு போதும். ஃபைன்ல தான் பலர் ஏமாறுறாங்க, ஜட்ஜ் சொன்ன 150 டாலரை மட்டும் பாத்துட்டு நமக்கு வராதுன்னு போயிடறாங்க, ஆனா அதுமேல ஏத்துற அசெஸ்மென்ட்ங்கிற கூடுதல் கட்டணம் எல்லாம் சேந்து தான் அந்த 500 கணக்கு, பில்லைக் கூட்டிப் பாத்தா சுலபமா தாண்டியிருக்கும். விசா, க்ரீன் கார்டு, தொழில் லைசென்ஸ்ல அடி விழும்னா அதையும் ஃபார்ம்ல விவரமா எழுதுங்க, "கஷ்டப்படுறேன்"னு ஒத்தை வரி எழுதினா வேலைக்காகாது.

ட்ரான்ஸ்கிரிப்ட், அதாவது கோர்ட்ல பேசினதோட எழுத்துப் பதிவு, அதுக்கு ஆகுற செலவை நினைச்சு பயப்படாதீங்க. 1971ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்ல மேயர்ங்கிறவரோட கேஸ், ஜெயிலே இல்ல, 500 டாலர் ஃபைன் மட்டும் தான், அதுக்கே பணம் இல்லாதவருக்கு அப்பீலுக்குத் தேவையான ரெக்கார்டை இலவசமா தரணும்னு தீர்ப்பு. எந்த ரெக்கார்ட் வேணும்னு சிஆர்-134ல டிக் பண்ணணும்.

இதெல்லாம் முதல் அப்பீலுக்குத் தான். அதுல தோத்து, எடுத்தா எடுப்பாங்க இல்லைன்னா இல்லங்கிற மேல் கோர்ட்டுக்குப் போனா, வக்கீல் குடுத்தே ஆகணும்னு அரசியல் சட்டம் சொல்லலைன்னு 1974லயே ராஸ் கேஸ்ல அதே சுப்ரீம் கோர்ட் முடிவு பண்ணிடுச்சு.