கதைக்காத பிள்ளைக்கு ஆப் தேடுகிறவர்களுக்கு

மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். டிஸ்ப்ளே மாற்றுவது, பேட்டரி போடுவது, பழைய டெப் வாங்கி விற்பது, இதுதான் தொழில். பேச்சுச் சிகிச்சை படித்தவனில்லை. ஆனால் அக்காவின் மகளுக்கு, என் மருமகளுக்கு, ஐந்து வயதாகப் போகிறது. இன்னும் வாயால் ஒரு சொல் வரவில்லை. படப் பட்டனைத் தொட்டால் அந்தச் சொல்லைக் குரலில் சொல்லும் ஆப்களில், அவளுக்காக ஒன்றரை வருடத்தில் ஏழை இறக்கி ஆறை அழித்திருக்கிறேன். அவள் கையில் டெப்பைக் கண்டுவிட்டு, கடைக்கு வருகிற தாய்மார் "எந்த ஆப் தம்பி நல்லது?" என்று கேட்கிறார்கள். ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். அவளுக்குப் பொருந்தியது உங்கள் பிள்ளைக்கும் பொருந்தும் என்று யார் கண்டது? அதனால் எப்படிப் பார்த்து எடுப்பது என்பதை எழுதுகிறேன்.

முதலில், காது பரிசோதனை செய்யாமல் இருந்தால் அதைச் செய்து முடியுங்கள். ஆப் எல்லாம் அதற்குப் பிறகு.

அப்புறம் ஒரு கொப்பி எடுங்கள். பிள்ளை இப்போதே என்னென்ன சொல்கிறது, எப்படிச் சொல்கிறது என்று ஒரு கிழமை எழுதுங்கள். "இவள் ஒண்டும் சொல்றாளில்லையே தம்பி" என்றுதான் அக்காவும் ஆரம்பித்தா. கிழமை முடிய 31 வரி இருந்தது. தண்ணி வேண்டுமென்றால் கையைப் பிடித்துக் குடத்தடிக்கு இழுப்பாள். என் மோட்டார் சைக்கிள் சீட்டில் இரண்டு தட்டுத் தட்டினால் ஏற்றச் சொல்கிறாள். பட்டாசுச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அம்மம்மாவின் சேலைக்குள் போவாள். அந்த 31இல் சாப்பாடு, குடிப்பு பற்றியது ஒன்பதுதான். மற்றதெல்லாம் வேணாம், வா, இதைப் பார், பயமாயிருக்கு, இன்னொரு தரம், விடு.

நான் முதலில் இறக்கிய ஆப்பில் பழங்களுக்கே மூன்று பக்கம் இருந்தது. ஸ்ட்ரோபெரி, கிவி எல்லாம் உண்டு. "வேண்டாம்" என்ற பட்டனைத் தேடி நாலு தட்டு உள்ளே போக வேண்டியிருந்தது. கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் அந்த ஆப் யாருக்குச் செய்தது என்றே எனக்கு விளங்கவில்லை. பிள்ளை தட்டைத் தள்ளிவிட ஒரு நொடி போதும். அதைவிட நேரமெடுக்கும் பட்டனை ஏன் தொடப்போகிறது?

இடையில் ஒரு பயத்தையும் சொல்லவேண்டும். "டெப் குடுத்தா பிறகு வாயே திறக்க மாட்டாள்" என்று அக்காவுக்கு ஒருவர், படித்தவர்தான், சொல்லிவிட்டார். அதனால் எங்களுக்கு ஐந்து மாதம் வீணாய்ப் போனது. மில்லர், லைட், ஸ்லோசர் என்ற மூவர் 2006இல் அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் நம்பகமாகச் செய்யப்பட்டவற்றில் இருந்த 27 பேரில், இப்படிப்பட்ட துணைக் கருவியால் பேச்சுக் குறைந்தவர் ஒருவரும் இல்லை. 89 வீதமானோருக்குப் பேச்சுக் கூடியிருந்தது, மற்றவர்களுக்கு மாற்றமில்லை. கூடியதும் பலருக்குக் கொஞ்சம்தான், ஆப் போட்டதும் பிள்ளை கதைக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் பயந்து ஒதுக்கி வைக்க ஒரு காரணமும் இல்லை.

தமிழில் கதைக்கும் பேச்சுச் சிகிச்சையாளர்கள் நம் பக்கம் குறைவு, திகதி கிடைக்கச் சுணங்கும். கிடைத்தால் கட்டாயம் போங்கள், அந்தக் கொப்பியையும் கொண்டு போங்கள். ஆனால் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

சரி, ஆப்களுக்கு வருவோம். இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது புரொலோகோ2கோ. நெதர்லாந்துக் கம்பனி ஒன்றின் தயாரிப்பு. நல்ல ஆப்தான், ஆனால் அப்பிள் கருவிகளில் மட்டும் ஓடும், விலை 250 டொலர் அளவில், ஆங்கிலம், ஸ்பானிஷ், பிரெஞ்சு, டச்சு மொழிகளுக்குச் செய்தது. வீட்டில் ஆங்கிலம் இல்லையென்றால் அந்தக் காசை விடுங்கள். அவாஸ் சென்னையில் உருவானது. அஜித் நாராயணன் என்ற பொறியியலாளர் முதலில் ஒரு தனிக் கருவியாகச் செய்து, பிறகு டெப்புக்குக் கொண்டுவந்தார். தமிழ் உண்டு, அன்ட்ரொயிட்டிலும் ஓடும், காசு கட்டுமுன் இலவசமாகப் பார்க்கலாம். ஜெலோ மும்பை ஐஐடியில் செய்தது, இலவசம். சிபோர்ட்டைப் பிரவுசரிலேயே திறக்கலாம், பலகையை, அதாவது பட்டன்கள் அடுக்கிய பக்கத்தை, நாமே கட்டிக்கொள்ளலாம். எதை எடுத்தாலும், மொழிப் பட்டியலில் தமிழ் என்று இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். ஒரு பட்டனில் நீங்களே தமிழில் ஒரு சொல்லை எழுதுங்கள், அதைத் தமிழ்க் குரலில் வாசிக்கிறதா என்று கேளுங்கள்.

குரல் வரவில்லையென்றால் உடனே ஆப்பைக் குறை சொல்ல வேண்டாம். அன்ட்ரொயிட்டில் வாசிக்கும் குரல் பெரும்பாலும் ஆப்புக்குள் இல்லை, டெப்பின் செட்டிங்ஸில் இருக்கிறது. அங்கே கூகிளின் எழுத்து வாசிக்கும் சேவையில் தமிழ்க் குரலை ஒருதரம் இறக்கி வைத்தால் பிறகு டேட்டா இல்லாமலும் வாசிக்கும். கடைக்கு "ஆப் ஊமையாப் போச்சு" என்று வந்தவர்களில் பாதிப்பேருக்கு இதைத்தான் செய்து அனுப்பினேன்.

இனி தமிழ் பற்றி. நான் கூடுதலாக மினக்கெட்டதும் இதில்தான்.

ஆங்கிலப் பலகையை அப்படியே மொழிபெயர்த்த ஆப்களில் "நான்", "வேண்டும்", "தண்ணீர்" என்று மூன்று பட்டன் வரிசையாக இருக்கும். பிள்ளை அழுத்தினால் "நான் வேண்டும் தண்ணீர்" என்று வரும். எங்கள் வீட்டில் யாரும் அப்படிக் கதைப்பதில்லை. தமிழுக்கு "எனக்கு" என்று ஒரு பட்டன் வேண்டும். "நான்" பட்டனுக்குப் பக்கத்தில் அது இல்லையென்றால் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். நான் இன்னும் ஒரு படி போய், ஆட்களை இடது ஓரத்தில், பொருட்களை நடுவில், வேணும், போவம், தா போன்றவற்றை வலது ஓரத்தில் வைத்தேன். விரல் இடமிருந்து வலமாகப் போனால் "எனக்குப் புட்டு வேணும்" தானாக வந்துவிடும். அதேபோல மறுப்புக்கு ஒரு பட்டன் காணாது. வேணாம், இல்லை, ஏலாது, மூன்றும் வேறு வேறு. "தேத்தண்ணி இல்லை" என்பதும் "தேத்தண்ணி வேணாம்" என்பதும் ஒன்றா?

பிறகு ஊர்ச் சொல். பட்டனில் தெரிவது ஒன்று, வாசிப்பது இன்னொன்று என்று இரண்டையும் தனித்தனியாக மாற்ற விடும் ஆப்தான் எனக்குப் பிடிக்கும். "போதும்" இருந்த இடத்தில் "காணும்", "பேசு" இருந்த இடத்தில் "கதை" என்று மாற்றினோம். பெரிய வேடிக்கை "பாதை". ஆற்றைக் கடக்கும் மிதவைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். அக்காவின் கணவர் ஊர் மண்டூர். குருமண்வெளியில் பாதையில் ஏறி ஆற்றைக் கடந்தால் அப்பப்பா வீடு. மருமகளுக்கு உலகத்தில் பிடித்தது அந்தப் பயணம்தான். ஆப்பில் "பாதை" என்று தேடினால் தார் றோட்டுப் படம் வருகிறது! வாகனமும் ஆட்களும் ஏறி நிற்கும் எங்கள் பாதையைப் போனில் படமெடுத்து அந்த இடத்தில் போட்டேன். அன்று பின்னேரம் மட்டும் அதைப் பதினான்கு தரம் அழுத்தினாள்.

ஆப்பின் தமிழ்க் குரல் செய்தி வாசிப்பதுபோல இருக்கிறதென்று முதலில் அக்காவின் குரலைப் பதிந்தோம். பட்டனை அழுத்தியதும் பிள்ளை திரும்பி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா ஏதோ சொல்கிறா என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு எட்டு வயதான என் மகளைப் பதியச் சொன்னோம். மச்சாளின் குரல் என்றதும் சிரிப்பு. ஆனால் பதிந்த குரலைப் பெயர்களுக்கும் கூப்பிடுவதற்கும் மட்டும் வைத்திருக்கிறோம். சொல்லோடு சொல் சேரும்போது கணினிக் குரலே ஒழுங்காக வருகிறது.

கடையில் என்னிடம் வருகிறவர்களுக்கு ஒரு பத்து நிமிடச் சோதனை சொல்வேன். டெப்பை பிளைட் மோடில் போட்டு ஆப்பைத் திறக்க வேண்டும்; கதைக்காவிட்டால் அதோடு விடலாம், கரண்டும் டேட்டாவும் போன நேரத்தில்தான் பிள்ளைக்குச் சொல்ல நிறைய இருக்கும். சாப்பாட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டு "வேணாம்" வரை எத்தனை தட்டு என்று எண்ண வேண்டும், இரண்டுக்கு மேல் போகக்கூடாது. வீட்டு ஆள் ஒருவரின் படத்தை நீங்களே சேர்த்துப் பாருங்கள். நான் சேர்த்துத் தந்தால் அது சோதனையில்லை, இரவு எட்டு மணிக்கு நான் உங்கள் வீட்டில் இருக்க மாட்டேன். கடைசியாக, செய்த பலகையை வெளியே சேமித்து இன்னொரு டெப்பில் திரும்ப எடுக்க முடிகிறதா? என் ஆறு ஆப்களில் ஒன்றை அழித்தது இதனால்தான். டெப் கீழே விழுந்து உடைந்தது, மூன்று மாத வேலை அதோடு போயிற்று.

பட்டன்களின் எண்ணிக்கை பற்றி எல்லோரும் செய்யும் பிழையை நானும் செய்தேன். சின்னப் பிள்ளைதானே என்று நாலு பெரிய படத்தோடு தொடங்கினேன். பழகியதும் ஒன்பதாக்கினேன். "வேணாம்" மேலே இருந்து நடுவுக்கு வந்துவிட்டது, அவள் பழைய இடத்தையே அழுத்தி அழுத்திக் கடைசியில் டெப்பை எறிந்தாள். நாம் டைப் அடிக்கும்போது எழுத்தைப் பார்ப்பதில்லை, விரல் தானாகப் போகும். அவளுக்கும் அப்படித்தான் பழகியிருந்தது. இப்போது 30 கட்டம். அதில் எட்டை மட்டும் முதலில் திறந்து மற்றதை மறைத்து வைத்தேன். புதுச்சொல் வரும்போது மறைத்ததைத் திறப்பேன், எதையும் இடம் மாற்றுவதில்லை. இப்படி மறைக்கும் வசதி இல்லாத ஆப்பை இப்போது நான் யாருக்கும் சொல்வதில்லை.

டெப் வாங்குகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. எட்டு அங்குலம் போதும், பத்து அங்குலத்தைச் சின்னக் கை தூக்காது. ஸ்பீக்கரை அறைக்குள் கேட்டுப் பார்த்து வாங்காதீர்கள், கல்முனை பஸ் போகும்போது றோட்டோரம் நின்று கேளுங்கள். பழைய ஐபேட் மலிவாகக் கிடைத்தால், முன்னைய ஆளின் ஐகிளவுட் கணக்கு கழற்றப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். பூட்டிய ஐபேட்டை என்னாலும் திறக்க ஏலாது. யூடியூப் பார்க்கும் கருவி வேறாக இருக்கட்டும். முடியாவிட்டால் அன்ட்ரொயிட்டில் ஆப் பின்னிங், ஐபேட்டில் கைடட் அக்சஸ் போட்டு ஒரே ஆப்பில் நிறுத்தலாம். கோபத்தில் டெப்பைப் பறித்து வைப்பது மட்டும் கூடாது. நாங்கள் குழப்படி செய்தால் யாரும் எங்கள் வாயைக் கட்டுவதில்லையே.

கடற்கரைக்கும் கிணற்றடிக்கும் கடதாசிப் பலகை ஒன்று வேண்டும். டெப்பில் உள்ள அதே கட்டங்களை அதே இடத்தில் வைத்து அச்சடித்து, போட்டோகொப்பிக் கடையில் லெமினேட் செய்தோம். படம் இல்லையென்றால் ஸ்பெயினின் அரகோன் பிராந்திய அரசு தரும் அராசாக் படங்கள் இருக்கின்றன. ஆயிரக்கணக்கில் உண்டு, வியாபாரத்துக்கில்லாமல் பாவிக்கலாம்.

ஆப் போட்ட முதல் கிழமைகளில் பிள்ளையை ஒன்றும் கேட்காதீர்கள். நாங்கள்தான் கதைத்துக்கொண்டே அழுத்த வேண்டும். "தேத்தண்ணி" என்று சொல்லும்போது தேத்தண்ணியைத் தொடுவது, "வா" என்னும்போது "வா"வைத் தொடுவது. எங்கள் வீட்டில் அம்மம்மாதான் இதில் கெட்டிக்காரி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவ பாட்டுக்கு அழுத்துவா. மருமகள் தானாகத் தொட ஆறு கிழமை எடுத்தது. "அழுத்தினாத்தான் பனிஸ் தருவன்" என்று நானும் ஒருநாள் செய்து பார்த்தேன், இரண்டு நாள் டெப் பக்கமே வரவில்லை.

போன ஞாயிறு அக்கா வீட்டுத் திண்ணையில் இருந்து மண்டூர்த் திருவிழாப் படங்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு "மாமா" என்பதை அழுத்தி, விரலை வலப்பக்கம் கொண்டுபோய் "காணும்" என்பதை அழுத்திவிட்டு டெப்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். மிச்சப் படங்களை அவள் நித்திரையான பிறகுதான் ஏற்றினேன்.